கராஜ் ராக் கிட்டாரின் பழைய ஒலியைப் பெறுவது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கராஜ் ராக் என்று எந்த இசையைக் குறிப்பிடுகிறீர்கள்?

ஏறத்தாழ 1963 முதல் 1967 வரை அமெரிக்காவின் சிறுநகரங்களிலும் புறநகர்களிலும் பள்ளி, கல்லூரி வயதுப் பையன்கள் நான்கைந்து பேராகக் கூடி, வீட்டின் கார் கொட்டகையில் பழகி, உள்ளூர் நடன அரங்குகளில் வாசித்து, கையிலிருந்த காசுக்கு ஓர் இசைத்தட்டைப் பதிவு செய்து வெளியிட்ட இசையையே இங்கே குறிப்பிடுகிறேன். வாஷிங்டன் மாநிலத்தின் டகோமா நகரில் சோனிக்ஸ், ஆரிகன் மாநிலத்தின் போர்ட்லண்டில் கிங்ஸ்மென், கலிபோர்னியாவின் சான் ஹோசேயில் கவுண்ட் ஃபைவ் என்று ஊருக்கு ஊர் குழுக்கள் இருந்தன. அவற்றில் பெரும்பாலானவை ஒரே ஒரு பாட்டோடு மறைந்துபோயின. 1972-ல் லென்னி கே தொகுத்து எலெக்ட்ரா நிறுவனம் வெளியிட்ட 'நக்கெட்ஸ்' என்னும் இரட்டை இசைத்தட்டுதான் அவற்றுள் 27 பாடல்களைத் திரட்டி, அடுத்த தலைமுறையின் காதில் போட்டது.

இந்தியாவிலும் இதன் எதிரொலி இருந்தது. சிம்லா சிகரெட்டின் விளம்பரத்துக்காக நடத்தப்பட்ட 'சிம்லா பீட்' போட்டியிலிருந்து 1970, 1971 ஆண்டுகளில் வெளிவந்த இசைத்தட்டுகளைக் கேட்பவர்களுக்கு அந்த ஃபஸ் ஒலி, அதாவது கரகரக்கும்படி சிதைத்த கிட்டார் ஒலி, உடனே பிடிபடும்.

அந்த ஒலி கிட்டாரிலிருந்து வருகிறதா, பெடலிலிருந்து (காலால் அழுத்தி ஒலியை மாற்றும் சிறு கருவி) வருகிறதா, ஆம்ப்பிலிருந்து (ஒலியைப் பெருக்கும் கருவி) வருகிறதா?

ஸ்பீக்கரில் தொடங்கிப் பின்னோக்கி வாருங்கள் என்பதே என் பதில். நம்மில் பலர் முதலில் கிட்டார், பிறகு வரிசையாகப் பெடல்கள், கடைசியில் மிஞ்சிய பணத்துக்கு ஓர் ஆம்ப் என்ற வரிசையில் வாங்குகிறோம். அந்த ஒலி உருவான விதமோ இதற்கு நேர் எதிரானது. மலிவான, சிறிய, வாட் குறைந்த ஒரு வால்வு ஆம்ப்பை (டிரான்சிஸ்டருக்கு முந்தைய கண்ணாடிக் குழாய்களால் இயங்குவது), அது தாங்கக்கூடிய எல்லைக்கும் சற்று அப்பால் தள்ளி, டிரம்ஸ் சத்தத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் அது திணறியபோது எழுந்த ஒலி அது. அந்தப் பையன்கள் அதைத் தேடிப் போகவில்லை. பெரிய ஆம்ப் வாங்க வழியில்லாததால் அது வந்து சேர்ந்தது. ஆகவே ஆம்ப்பும் ஸ்பீக்கரும் சரியாக அமைந்துவிட்டால் எந்தக் கிட்டாரும் பாதித் தூரம் போய்விடும். அவை அமையாவிட்டால் 1964-ஆம் ஆண்டின் அசல் கிட்டாரே கையில் இருந்தாலும் பயனில்லை.

எந்த ஆம்ப் பொருத்தமானது?

பெயர்களைவிட அமைப்பைப் புரிந்துகொள்வது நல்லது. ஃபெண்டர் நிறுவனம் 1950-களின் பிற்பகுதியில் தயாரித்த 5எஃப்1 சாம்ப் ஆம்ப்பை எடுத்துக்கொள்வோம். அதில் ஒரு 12ஏஎக்ஸ்7 முன்வால்வு, ஒரு 6வி6 வெளியீட்டு வால்வு, மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கும் ஒரு 5ஒய்3 ரெக்டிஃபையர் வால்வு, 8 அங்குல ஸ்பீக்கர் ஒன்று, வால்யூம் குமிழ் ஒன்று ஆகியவை மட்டுமே உண்டு. டோன் குமிழ்கூடக் கிடையாது. மொத்தச் சக்தி ஏறத்தாழ 5 வாட். வால்யூமைப் பாதிக்கு மேல் திருப்பிக் கம்பியை ஓங்கி அடித்தால் இரண்டு காரியங்கள் ஒன்றாக நடக்கின்றன. அலையின் முகடு வெட்டுப்பட்டு ஒலி கரகரக்கிறது. அதே கணத்தில் ஒலி சற்று அமுங்கி, பிறகு மூச்சு வாங்கி எழுகிறது. டிரான்சிஸ்டர் ஆம்ப்பில் எத்தனை பெடல் போட்டாலும் இந்த அமுங்கி எழும் தன்மை எளிதில் வராது.

ஃபெண்டர் அன்றே விலை கூடிய பொருள்தான். ஊர்ப் பையன்கள் பலர் வாங்கியது, சியர்ஸ் நிறுவனம் அஞ்சல்வழி விற்பனைப் பட்டியலில் சில்வர்டோன் என்ற பெயரில் விற்ற ஆம்ப்களை. அவற்றுள் பலவற்றை நியூ ஜெர்சியின் டேனலெக்ட்ரோ நிறுவனம் தயாரித்துக் கொடுத்தது. சிகாகோவின் வால்கோ நிறுவனம் செய்த சுப்ரோ ஆம்ப்களும் இதே வகையைச் சேர்ந்தவை. சற்றுப் பெரிய இடத்தில் வாசிப்பவர்களுக்கு, இரண்டு 6வி6 வால்வுகளும் 12 அங்குல ஸ்பீக்கரும் கொண்ட, ஏறத்தாழ 22 வாட் சக்தியுள்ள ஃபெண்டர் டீலக்ஸ் ரிவர்ப் போதும். பிரிட்டன் பக்கம் சாய்ந்த ஒலி வேண்டுமென்றால் ஈஎல்84 வால்வுகள் கொண்ட வாக்ஸ் ஏசி15 அல்லது ஏசி30-ஐ நாடலாம். இன்று புதிதாகச் செய்யப்படும் 5 வாட் வால்வு ஆம்ப் எதுவானாலும் தொடங்குவதற்குப் போதுமானது. பழைய பொருளின் மேல் உள்ள மோகத்தில் மூன்று மடங்கு விலை கொடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

குமிழ்களை எந்த அளவில் வைக்க வேண்டும்?

கிட்டாரின் வால்யூமை 10-லும் ஆம்ப்பின் வால்யூமை 3-லும் வைத்துத் தொடங்குங்கள். ஒரே கார்டை (சேர்ந்து ஒலிக்கும் சில சுரங்கள்) ஒரே விசையில் அடித்தபடி ஆம்ப்பை ஒவ்வோர் எண்ணாக ஏற்றுங்கள். ஏதோ ஓர் இடத்தில் சத்தம் கூடுவது நின்று, அதற்குப் பதிலாக ஒலி தடிக்கத் தொடங்கும். என் சிறிய ஆம்ப்பில் அது 5-க்கும் 6-க்கும் இடையில் வருகிறது. அங்கிருந்து அரை எண் மேலே போய் நிறுத்திவிட்டு, இனி எல்லாவற்றையும் கிட்டாரின் குமிழிலிருந்தே ஆளுங்கள்: பாடும் பகுதிக்கு 6, இடையிசைக்கு 10. அறையில் தனியாகக் கேட்கும்போது சற்று மெலிதாகவும் காதைக் குத்துவதாகவும் தோன்றுகிற அளவே, பேஸும் டிரம்ஸும் சேர்ந்தபின் சரியாக இருக்கும். பேஸ் குமிழைக் குறைத்தே வையுங்கள். சிறிய ஸ்பீக்கர் கீழ் ஒலிகளைத் தாங்க முயன்று தொளதொளத்துப்போகும்.

ஸ்பீக்கரைக் கிழித்தால் அந்த ஒலி வருமா?

வரும், ஆனால் நல்ல ஸ்பீக்கரைக் கிழிக்காதீர்கள்.

இந்தக் கதைக்கு இரண்டு புகழ்பெற்ற முன்னோடிகள் உண்டு. லிங்க் ரே 1958-ல் வெளியிட்ட 'ரம்பிள்' என்ற வாத்திய இசைக்காகத் தம் ஆம்ப்பின் ஸ்பீக்கரில் பென்சிலால் துளை போட்டார். பாட்டு வரி ஒன்றுகூட இல்லாத அந்த இசையைச் சில வானொலி நிலையங்கள் ஒலிபரப்ப மறுத்தன என்பதிலிருந்தே அதன் மிரட்டலை உணரலாம். 1964-ல் லண்டனில் கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ், எல்பிகோ என்ற சிறிய ஆம்ப்பின் ஸ்பீக்கர் காகிதத்தைச் சவர பிளேடால் கீறி, அதன் வெளியீட்டை வாக்ஸ் ஏசி30-க்குள் செலுத்தினார். 'யூ ரியலி காட் மீ' என்ற பாட்டின் கிட்டார் ஒலி அப்படி உருவானதே. அமெரிக்கப் பையன்கள் அதைக் கேட்டுவிட்டுத்தான் தங்கள் ஆம்ப்களை வதைக்கத் தொடங்கினார்கள் என்று சொன்னால் பெரிய பிழையில்லை.

கீறிய காகிதம் கம்பி அதிரும்போது தானும் தனியாகப் படபடக்கிறது. அந்தப் படபடப்பே ஒலியில் சேர்கிறது. இதைச் செய்து பார்க்க விரும்பினால் பழைய ரேடியோவிலிருந்தோ பழுதான மியூசிக் சிஸ்டத்திலிருந்தோ கழற்றிய, ஓம் அளவு பொருந்துகிற ஒரு ஸ்பீக்கரை எடுத்து, ஓரத்திலிருந்து மையம் நோக்கி இரண்டு கீறல் மட்டும் போட்டுக் கேளுங்கள். வால்வு ஆம்ப்பை ஸ்பீக்கர் இணைக்காமல் ஒருபோதும் இயக்கக் கூடாது. வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோகக்கூடும்.

எந்தக் கிட்டார் வாங்கலாம்?

சியர்ஸ் விற்ற டேனலெக்ட்ரோ வகைக் கிட்டார்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இந்த இசையின் சிக்கன புத்தி அவற்றில் அப்படியே தெரிகிறது. மரச் சட்டத்தின் மேலும் கீழும் மேசனைட் என்ற அழுத்தப்பட்ட மரநார் அட்டையை ஒட்டி உடலைச் செய்தார்கள். கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பிக்கப்பின் கம்பிச்சுருளையும் காந்தத்தையும் உதட்டுச்சாயக் குழாய்க்குள் அடைத்தார்கள். இரண்டு பிக்கப்களையும் சேர்த்துப் போட்டால் அவை தொடரிணைப்பில் இயங்கி, ஒன்று மட்டும் இருக்கும்போது உள்ளதைவிட உரத்து ஒலிக்கும். அந்த நடுநிலைதான் கராஜ் ராக்குக்குப் பொருத்தமான இடம். 1962-லிருந்து விற்ற ஒரு மாதிரியில் கிட்டார் பெட்டியின் மூடிக்குள்ளேயே சிறிய வால்வு ஆம்ப்பும் ஸ்பீக்கரும் பொருத்தப்பட்டிருந்தன. பெட்டியைத் திறந்து செருகினால் கச்சேரி தொடங்கிவிடலாம்.

இவை தவிர சிகாகோவின் ஹார்மனி, கே, ஜப்பானின் டெயிஸ்கோ, கலிபோர்னியாவின் பேக்கர்ஸ்ஃபீல்டில் செமி மோஸ்லி செய்த மோஸ்ரைட், ஃபெண்டரின் ஜாஸ்மாஸ்டர், ஜாகுவார் எல்லாம் இந்த இசையில் புழங்கியவையே. ஹார்மனி கிட்டார்களில் வந்த டிஆர்மண்ட் கோல்ட்ஃபாயில் பிக்கப்கள் இன்று தனியே தேடி வாங்கப்படுகின்றன. அன்று அவை மலிவுச் சரக்கு என்பதை நினைத்தால் சிரிப்பு வருகிறது.

என்னிடம் ஹம்பக்கர் (இரட்டைச் சுருள் பிக்கப்) கிட்டார்தான் இருக்கிறது. விற்றுவிடட்டுமா?

வேண்டாம். பாலத்தை ஒட்டிய பிக்கப்பைத் தேர்ந்து, அதைக் கம்பியிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் கீழே இறக்கி, கிட்டார் வால்யூமை 7-க்குக் கொண்டுவாருங்கள்.

கம்பிகள் எவ்வளவு தடிமனாக இருக்க வேண்டும்?

1960-களின் தொடக்கத்தில் கடையில் கிடைத்த சாதாரணக் கம்பிகள் இன்றையவற்றைவிடத் தடிமனானவை. மூன்றாவது கம்பியும் சுற்றுக்கம்பியாகவே இருந்தது. அன்றைய பதிவுகளில் கம்பியை வளைத்து வாசிப்பது குறைவாகவும் ஒரே சுரத்தை விடாமல் கொத்துவது அதிகமாகவும் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்று கருதுகிறேன். 11-இல் (முதல் கம்பி 0.011 அங்குலம்) தொடங்கும் செட் ஒன்றைப் போட்டு, தடித்த பிக்கால், மணிக்கட்டு தளராமல், கீழ்நோக்கி மட்டுமே அடித்துப் பாருங்கள். எந்தப் பெடலும் தராத மாற்றம் அதில் தெரியும்.

ஃபஸ் பெடல் அவசியமா? எந்த ஃபஸ்?

எல்லாப் பாட்டுக்கும் அவசியமில்லை. ஆனாலும் 1966-க்குப் பின் வந்த கராஜ் ராக்கை ஃபஸ் இல்லாமல் நினைத்துப் பார்க்க முடியாது.

அதன் பிறப்பே ஒரு பழுதில்தான். 1961-ல் வெளிவந்த மார்ட்டி ராபின்ஸின் பாட்டு ஒன்றின் நாஷ்வில் பதிவின்போது, ஒலிக்கலவை மேசையின் ஒரு வழித்தடத்தில் டிரான்ஸ்ஃபார்மர் கெட்டுப்போய், கிரேடி மார்ட்டின் வாசித்த பேஸ் தனி இசை வண்டு ரீங்கரிப்பதுபோல் பதிவானது. அதை நீக்காமல் அப்படியே விட்டார்கள். பதிவுப் பொறியாளர் கிளென் ஸ்னாடி பிறகு அதே ஒலியை டிரான்சிஸ்டர்களால் உருவாக்கும் சுற்று ஒன்றை வடிவமைக்க, கிப்சன் நிறுவனம் அதை 1962-ல் மேஸ்ட்ரோ எஃப்இசட்-1 ஃபஸ்-டோன் என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது. டிரம்பெட், செல்லோ போன்ற வாத்தியங்களின் ஒலியைக் கிட்டாரில் தரும் கருவி என்று விளம்பரம் செய்தும் பெரிதாக விற்கவில்லை. 1965-ல் ரோலிங் ஸ்டோன்ஸின் 'சாடிஸ்ஃபேக்‌ஷன்' பாட்டில் கீத் ரிச்சர்ட்ஸ், பின்னால் சேர்க்க நினைத்த ஊதுவாத்தியங்களுக்குக் குறிப்பாக அதை வைத்து வாசித்தது அப்படியே வெளிவந்துவிட்டது. அதன்பின் கடைகளில் அந்தப் பெடல் தங்கவில்லை.

எஃப்இசட்-1 மூன்று ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்களையும் 3 வோல்ட் மின்சாரத்தையும் வைத்து இயங்கியது. அதன் ஒலி மெலிந்தது, கூரானது. சுரம் தேயும்போது நீண்டு கரையாமல் திடீரென்று அறுந்துவிடும். கராஜ் ராக்கின் ஃபஸ் இதுதான். 1966-ல் லண்டனின் ஆர்பிட்டர் கொண்டுவந்த ஃபஸ் ஃபேஸ் இதைவிட உருண்டு திரண்ட ஒலி உடையது. அதே ஆண்டின் மோஸ்ரைட் ஃபஸ்ரைட்டோ இன்னும் காரமானது. 1969-க்குப் பின் வந்த பிக் மஃப்பும், 1970-களின் இறுதியில் வந்த டியூப் ஸ்க்ரீமரும் நல்ல பெடல்கள்தாம். ஆனால் முன்னது இந்த இசைக்கு மிகத் தடித்தது, பின்னது மிக வழவழப்பானது. ஒயிட் ஸ்ட்ரைப்ஸின் ஜாக் ஒயிட் பிக் மஃப் போட்டாரே என்று கேட்கலாம். அவர் அதைச் செலுத்தியது பழைய சில்வர்டோன் ஆம்ப்புக்குள். மறுபடியும் ஸ்பீக்கர் பக்கமே வந்து நிற்கிறோம்.

ஃபஸ் ஃபேஸ் வகையைக் கிட்டாருக்கு அடுத்தபடியாக, வேறெந்தப் பெடலுக்கும் முன்னால் வையுங்கள். அதன் உள்ளீட்டு மின்தடை குறைவு; பிக்கப்போடு நேரடியாகப் பேசும்போதுதான் கிட்டார் வால்யூமைக் குறைத்ததும் ஒலி தெளியும். இடையில் பஃபர் (உள்ளே வரும் ஒலி மின்சாரத்தைத் தனித்துக் கடத்தும் சுற்று) உள்ள டியூனரைப் போட்டால் அந்தத் தெளிவு போய், தகரம் கீறும் ஒலி வரும்.

ஜெர்மானியம் ஃபஸ் சில நாட்களில் நன்றாகவும் சில நாட்களில் மோசமாகவும் ஒலிப்பது ஏன்?

வெயில்தான் காரணம். ஜெர்மானியம் டிரான்சிஸ்டரில் எப்போதும் சிறிதளவு மின்னோட்டம் கசிகிறது; வெப்பம் ஏறத்தாழ ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் அந்தக் கசிவு இரட்டிப்பாகிறது. கசிவு கூடினால் டிரான்சிஸ்டரின் இயங்குநிலை இடம்பெயர்ந்து, ஒலி விக்கத் தொடங்கும். லண்டனின் குளிருக்காகச் சரிசெய்த சுற்றைச் சென்னையின் மே மாதத்தில் இயக்கினால் என்ன ஆகும் என்பதை ஒரு மொட்டைமாடிப் பயிற்சியில் கற்றுக்கொண்டேன். காலை எட்டு மணிக்குப் பட்டுப்போல இருந்த பெடல், பதினொரு மணிக்கு ஒவ்வொரு சுரத்தின் தொடக்கத்தையும் விழுங்கிவிட்டு, பாதியில்தான் வாயைத் திறந்தது. ஈரத் துணியில் சுற்றிப் பத்து நிமிடம் நிழலில் வைத்தபின் மீண்டும் பாடியது.

பெடலைத் திறக்கத் தெரிந்தவர்கள், ஃபஸ் ஃபேஸ் வகையில் இரண்டாவது டிரான்சிஸ்டரின் கலெக்டர் முனையில் மின்னழுத்தத்தை அளந்து பாருங்கள். 9 வோல்ட் பேட்டரிக்கு அது 4.5 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும். அந்த இடத்தில் உள்ள மின்தடையை எடுத்துவிட்டு ஒரு டிரிம்பாட் (திருகி மாற்றக்கூடிய மின்தடை) பொருத்தினால் கோடைக்கு ஒருமுறை, மார்கழிக்கு ஒருமுறை திருகிக்கொள்ளலாம். பழைய டிரான்சிஸ்டர் ரேடியோக்களில் கிடைக்கும் ஏசி128 இந்தச் சுற்றுக்குப் பொருந்தும் ஜெர்மானியம் டிரான்சிஸ்டர். எறியப்போகும் ரேடியோ கண்ணில் பட்டால் விடாதீர்கள். இந்தத் தொல்லையே வேண்டாம் என்பவர்களுக்குச் சிலிகான் ஃபஸ் உண்டு.

எல்லாப் பெடல்களுக்கும் ஒரே அடாப்டரைப் பயன்படுத்தலாமா?

பிஎன்பி ஜெர்மானியம் ஃபஸ்ஸில் நேர்முனை தரையோடு இணைந்திருக்கும். மற்ற பெடல்களில் எதிர்முனை இணைந்திருக்கும். இரண்டையும் ஒரே கம்பித் தொடரில் மாட்டினால் குறுக்குச்சுற்று உண்டாகும். இவ்வகை ஃபஸ்ஸுக்குத் தனி பேட்டரியே நல்லது. அதிலும் விலை மலிவான கார்பன்-துத்தநாக பேட்டரி.

ரிவர்ப் (எதிரொலி), டிரெமலோ (சத்தம் ஏறி இறங்கும் அசைவு) எவ்வளவு?

ஸ்பிரிங் ரிவர்ப் 2 அல்லது 3 அளவில் போதும். அதற்கு மேல் போனால் கடலலைப் பாட்டுகளின் சர்ஃப் இசைக்குள் போய்விடுவீர்கள். டிரெமலோவை மெதுவான பாட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். வேகத்தைப் பாட்டின் தாளத்தோடு பொருத்துவது முக்கியம்.

ஃபஸ் போட்டதும் கார்டுகள் கலங்கிச் சேறாகின்றன. என்ன செய்வது?

இரண்டு சுரங்கள் ஒன்றாக ஃபஸ்ஸுக்குள் போகும்போது, அவற்றின் அதிர்வெண்களின் கூட்டலும் கழித்தலும் புதிய ஒலிகளாக வெளிவருகின்றன. ஏ சுரம் 110 ஹெர்ட்ஸ், அதன் ஐந்தாம் சுரமான ஈ ஏறத்தாழ 165 ஹெர்ட்ஸ். கழித்தால் 55 வருகிறது. அது ஒரு ஸ்தாயி கீழேயுள்ள அதே ஏ. ஆகவே ஒலி கனக்கிறது, கலங்குவதில்லை. மூன்றாம் சுரமான சி ஷார்ப் கிட்டாரில் 138.6 ஹெர்ட்ஸ். கழித்தால் 28.6, இரண்டு ஸ்தாயி கீழேயுள்ள ஏ 27.5. இந்த ஒரு ஹெர்ட்ஸ் உரசலும் இதுபோன்ற மற்ற உரசல்களும் சேர்ந்ததே நீங்கள் கேட்கும் சேறு. ஃபஸ் ஓடும்போது மூன்றாம் சுரத்தை விட்டுவிட்டு இரண்டு கம்பியில் வாசியுங்கள். முழுக் கார்டு வேண்டிய இடத்தில் கிட்டார் வால்யூமை 5-க்கு இறக்குங்கள்.

அமெரிக்காவிலிருந்து பழைய ஆம்ப் வாங்கி வந்தால் நம் மின்சாரத்தில் ஓடுமா?

நேரடியாக மாட்டினால் புகைதான் வரும். அவை 117 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்காகச் செய்யப்பட்டவை. இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஆம்ப்பின் தேவையைப்போல் இரண்டு மடங்காவது திறனுள்ள ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். 50 ஹெர்ட்ஸில் ஆம்ப்பின் சொந்த டிரான்ஸ்ஃபார்மர் சற்றுக் கூடுதலாகச் சூடேறும் என்பதால் தொடர்ந்து பல மணி நேரம் ஓட்ட வேண்டாம்.

இதைவிட முக்கியமானது உயிர்ப் பாதுகாப்பு. பழைய ஆம்ப்களின் இரண்டு முனைக் கம்பியை எர்த் உள்ள மூன்று முனைக் கம்பியாக மாற்றியபின்பே கிட்டாரைச் செருகுங்கள். மிக மலிவான சில மாதிரிகளில் மின் டிரான்ஸ்ஃபார்மரே கிடையாது. கிட்டார் கம்பி வரைக்கும் வீட்டு மின்சாரம் வந்துவிடக்கூடும். அவற்றுக்கு ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இன்றியமையாதது. உள்ளேயுள்ள கண்டென்சர்களில், மின்சாரத்தைத் துண்டித்த பின்னும் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கலாம். வால்வு ரேடியோ காலத்து மெக்கானிக் ஒருவர் அக்கம்பக்கத்தில் இருந்தால் அவரிடம் கொடுத்துவிடுங்கள்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறேன். இவ்வளவு சத்தம் போட முடியாதே?

5 வாட் வால்வு ஆம்ப்கூடப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டும் என்பது உண்மை. ஆம்ப்புக்கும் ஸ்பீக்கருக்கும் இடையே சத்தத்தைக் குறைக்கும் அட்டென்யுவேட்டர் பொருத்துவது ஒரு வழி. கணினி மென்பொருள் இன்னொரு வழி. அதில் அறிவுக்கு இடம் கொடுத்தால் நல்ல ஒலி வரும். பெரிய ஆம்ப் மாதிரிகளைத் தவிர்த்து, சிறிய ஒற்றை ஸ்பீக்கர் கொண்ட, பின்பக்கம் திறந்த பெட்டியைத் தேர்ந்தெடுங்கள். 100 ஹெர்ட்ஸுக்குக் கீழும் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலும் வெட்டுங்கள். அசல் கிட்டார் ஸ்பீக்கரும் அதற்கு மேல் அதிகம் பாடுவதில்லை. கரகரப்பைக் கூட்டும் கெயின் அளவை நீங்கள் விரும்புவதில் பாதியாக வையுங்கள்.

பதிவு செய்யும்போது கவனிக்க வேண்டியவை என்ன?

1963 ஏப்ரலில் கிங்ஸ்மென் போர்ட்லண்டில் 'லூயி லூயி' பாட்டைப் பதிவு செய்தபோது, பாடகர் ஜாக் ஈலி மேலே தொங்கிய மைக்கை நோக்கித் தலையை அண்ணாந்து கத்த வேண்டியிருந்தது. குழு முழுவதும் ஒரே அறையில் அவரைச் சுற்றி வாசித்தது. கிட்டார் இடையிசை முடிந்ததும் அவர் சற்று முந்திப் பாடத் தொடங்கி, சுதாரித்து நிறுத்த, டிரம்ஸ் உருட்டி அந்தப் பள்ளத்தை நிரப்பியது. அதே பதிவுதான் வெளிவந்தது. வரிகள் புரியாததால் அதில் ஆபாசம் இருக்கிறதோ என்று அமெரிக்கக் கூட்டாட்சிப் புலனாய்வுத் துறையே விசாரித்து, என்ன பாடுகிறார் என்றே புரியவில்லை என்ற முடிவுக்கு வந்தது.

ஆகவே கிட்டாரைத் தனியாகப் பதிந்து பின்னால் சேர்க்காமல், எல்லோரும் ஓர் அறையில் ஒன்றாக வாசியுங்கள். டிரம்ஸ் மைக்கில் கிட்டாரும் கிட்டார் மைக்கில் டிரம்ஸும் கசியட்டும். ஆம்ப்பை நாற்காலிமேல் ஏற்றி, சாதாரண டைனமிக் மைக் ஒன்றை ஸ்பீக்கரின் மையத்துக்கு நேரே ஒரு சாண் தள்ளி வையுங்கள். ஒலி காதைக் குத்தினால் டோன் குமிழைத் தொடாமல் மைக்கை ஓரத்தை நோக்கி ஓர் அங்குலம் நகர்த்துங்கள். பெரும்பாலும் இரண்டாவது அங்குலத்துக்குத் தேவை இருக்காது. மோனோவில் கலவுங்கள். மூன்றாவது முறை வாசித்ததற்கு மேல் நான் பதிவு செய்வதில்லை. அதற்குள் ஆம்ப்பும் சூடேறியிருக்கும், வாசிப்பவர்களுக்கும் களைப்பு வந்திருக்காது.